நோட்டீஸ் அடிப்பதை நிறுத்திய பிறகு: வாட்ஸ்அப் பிசினஸ் பற்றி ஒரு மசாலாக் கடையிலிருந்து

சிங்கப்பூர் தேக்காவில் எங்களுக்கு ஒரு சின்ன மசாலாக் கடை இருக்கிறது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் அரவை மெஷின், மேலே பரணில் மிளகாய் மூட்டைகள், அவ்வளவுதான் இடம். அப்பா ஆரம்பித்தது, இப்போது அவரும் அம்மாவும் நானும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். 2024 ஜனவரியில் கடைக்கென்று வாட்ஸ்அப் பிசினஸ் (வியாபாரத்துக்கென்று உள்ள தனி வாட்ஸ்அப்) செயலியைப் போட்டோம், ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், பூக்கடை அக்கா, பாத்திரக்கடை அண்ணன், தையல்கடைக்காரர் எல்லாரும் "அது நல்லா இருக்கா, போடலாமா, காசு கேக்குமா" என்று மாறி மாறிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று பேச முடியவில்லை, அதனால் பார்த்ததையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

சுருக்கமாகக் கேட்டால், போடுங்கள். செயலி இலவசம். ஆனால் இதைப் போட்டதால் மட்டும் எங்கள் வியாபாரம் மாறவில்லை. பல வருடமாக நாங்கள் யோசிக்காமல் செய்துகொண்டிருந்த சில பழக்கங்களை விட்ட பிறகுதான் இது உதவ ஆரம்பித்தது. அந்தப் பழக்கங்களைச் சொல்லாமல் செயலியைப் பற்றி மட்டும் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் கிடைக்கும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தீபாவளி நோட்டீஸை இந்த வட்டாரத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பின்னணி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் சிவப்பு வட்டத்துக்குள் '20% தள்ளுபடி', கீழே கடை முகவரி. ஒரே வடிவம், வருடத்தை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்புவோம். 3,000 பிரதி. தீபாவளிக்கு ஐந்து வாரம் முன்னால் இரண்டு பையன்களைப் பிடித்து வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்குகளில் போடச் சொல்வோம். கொஞ்சம் தபால் பெட்டிக்குப் போகும், கொஞ்சம் கதவுக் கம்பியில் செருகப்படும், மீதி கட்டுக் கட்டாகக் கடைக்கே திரும்பி வரும். திரும்பி வந்ததை அரவை மெஷினுக்கு அடியில் விரிப்போம், சிந்துகிற தூளைப் பிடிக்க. ஒரு நாள் அதைச் சுருட்டி எடுக்கும்போது கவனித்தேன், மஞ்சள் தூள் ஏறி எழுத்தே தெரியாத காகிதத்தில் அந்தச் சிவப்பு வட்டம் மட்டும் தெரிகிறது, பக்கத்தில் 2019 என்று போட்டிருக்கிறது. அந்த ஆண்டு நோட்டீஸுக்கும் இந்த ஆண்டு நோட்டீஸுக்கும் வேறு ஒரு வித்தியாசமும் இல்லை.

அன்று அப்பாவிடம் கேட்டேன், இதைப் பார்த்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று. "எல்லாரும் அடிக்கிறாங்க, நாம அடிக்கலைன்னா கடையை மூடிட்டோம்னு நினைப்பாங்கப்பா" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை, அவர் காலத்தில் அது உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஆள் யார், எத்தனை பேர் என்று நாங்கள் ஒரு வருடம்கூட எண்ணிப் பார்த்ததில்லை. தள்ளுபடி கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் எப்படியும் நம்மிடம் வாங்குகிறவர்கள். அதாவது, சும்மாவே வாங்கப் போகிறவருக்கு விலையைக் குறைத்துக்கொடுக்க நாமே காசு கொடுத்து அச்சடித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது குறுஞ்செய்தி. மொத்தமாக அனுப்பித் தரும் ஓர் ஆளிடம் சில வருடம் கொடுத்துக்கொண்டிருந்தோம், அனுப்புபவர் இடத்தில் எண்ணுக்குப் பதிலாகக் கடைப் பெயர் வரும். 2023 ஜனவரி கடைசியிலிருந்து இங்கே சட்டம் மாறியது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பெயர் போட்டு அனுப்புகிறவர்கள் குறுஞ்செய்தி அனுப்புநர் பதிவகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்குகிறவர் கைப்பேசியில் கடைப் பெயர் வராது, 'லைக்லி ஸ்கேம்' என்று வரும். நாங்கள் பதிவு செய்யாமல் விட்டுவிட்டோம், அது எங்கள் தவறு. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வாழ்த்து மோசடி என்ற முத்திரையோடு போய்ச் சேர்ந்தது. இருபது வருட வாடிக்கையாளர் ஒருவர் போன் போட்டு, "தம்பி, உங்க பேர்ல யாரோ ஏமாத்துறாங்க, போலீசுக்குச் சொல்லுங்க" என்று பதறினார். அவருக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் குரல் இறங்கிவிட்டது. அவர் நம் மேல் வைத்திருக்கிற அக்கறைக்கு நாம் அனுப்பியது அந்த ஒரு வரித் தள்ளுபடி.

மூன்றாவது, சமூக ஊடகப் பதிவு போட்டுத் தருகிறோம் என்று வந்த ஒரு முகவர். மாதத்துக்கு 12 படம். பொங்கலுக்குக் கரும்பு, தேசிய தினத்துக்குக் கொடி, இடையில் இணையத்தில் எடுத்த ஏதோ ஒரு மசாலாக் கிண்ணப் படம். அந்தக் கிண்ணத்தில் இருந்தது எங்கள் மசாலா இல்லை, எங்கள் மிளகாய் நிறமே வேறு. மூன்று மாதத்தில் நிறுத்தினோம். அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், சொன்ன 12 படத்தையும் ஒழுங்காகப் போட்டார். நாங்கள் நோட்டீஸ் அடித்த அதே பழக்கத்தில்தான் அவரையும் அமர்த்தினோம், எதற்கு என்று கேட்கவே இல்லை.

சரி, செயலிக்கு வருகிறேன்.

போடும்போது எங்களுக்கு ரொம்பப் பயன்பட்ட விஷயம், கடையின் பழைய லேண்ட்லைன் எண்ணையே இதில் பதிவு செய்ய முடிந்தது. கைப்பேசி எண்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சரிபார்ப்பு எண்ணைக் குறுஞ்செய்தியாகக் கேட்காமல் அழைப்பாகக் கேட்டால் போதும், கடை போன் அடிக்கும், எண்ணை வாயால் சொல்லும், அதைத் தட்டினால் முடிந்தது. பெயர்ப்பலகையிலும் காலண்டரிலும் பல வருடமாக இருக்கிற எண், பல வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டியிருக்கிற எண், அதுவே வாட்ஸ்அப் எண்ணாகவும் ஆனது. புது எண் வாங்கி அதைப் பரப்புகிற வேலை மிச்சம். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் ஒரே நேரத்தில் வைக்க முடியாது. சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறகு அத்தை மாமா செய்தியும் ஆர்டரும் கலந்து தவிக்காதீர்கள்.

முதல் மாதம் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அதே மஞ்சள் நோட்டீஸைப் படமாக்கி அனுப்பினோம். காகிதம் போய்த் திரை வந்தது, வேறு எதுவும் மாறவில்லை. அதைவிடப் பெரிய தவறு, வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரு குழுவில் சேர்த்தது. குழுவில் ஒருவர் எண் எல்லாருக்கும் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஓர் அக்கா உடனே வெளியேறிவிட்டு தனியாக எழுதினார், "என் நம்பர் ஏன் தெரியாதவங்களுக்கு எல்லாம் போகுது?" நியாயமான கேள்வி. அன்று இரவே குழுவைக் கலைத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் இதை மட்டும் செய்யாதீர்கள். மொத்தமாக அனுப்ப வேண்டுமானால் பிராட்காஸ்ட் பட்டியல்தான் சரி, அதில் போகும் செய்தி ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகத்தான் போகும், பதிலும் நமக்கு மட்டும் வரும்.

பிராட்காஸ்டில் இரண்டு கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர்தான். அப்புறம், நம் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். முதலில் இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. பட்டியலில் 200 பேரைப் போட்டு அனுப்பினால் பாதிக்கு மேல் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. பிறகுதான் உறைத்தது, இவ்வளவு வருடம் நம்மிடம் வாங்குகிறவர்களுக்கு நம் எண்ணைச் சேமித்து வைக்க ஒரு காரணமும் நாம் கொடுக்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை 20% என்று சொல்கிற கடையின் எண்ணை யார் சேமிப்பார்கள்? இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் அதே நோட்டீஸை அனுப்பிக்கொண்டிருப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் அனுப்புவதை நிறுத்திவிட்டு, கேட்க ஆரம்பித்தோம். கல்லாப் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம். வருகிறவரிடம் ஒரே கேள்வி, "என்ன சமைக்கிறதுக்கு வாங்குறீங்க?" அப்புறம் அவர் நின்று பேசுகிற ஆளாக இருந்தால், "ஏன் நம்ம கடைக்கு வர்றீங்க?" நோன்பு மாதம் முழுக்க இதைச் செய்தோம், 2024 மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் 10 நோன்புப் பெருநாள் வரைக்கும்.

அந்த நோட்டில் ஒரு பக்கத்தை நான் இன்னும் மடித்து வைத்திருக்கிறேன். ஒரு மலாய் மக்சிக் (மலாய்க்காரர்கள் பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒவ்வொரு வருடமும் பெருநாளுக்கு முன்னால் வருவார். மீன் கறித் தூள் ஒரு கிலோ, இறைச்சிக் கறித் தூள் ஒன்றரை, குருமாத் தூள் அரை. மலாய் வீடுகளில் இந்த மூன்றும் தனித்தனி, ஒன்றுக்கு ஒன்றைப் போட மாட்டார்கள். குருமாத் தூளில் மிளகாயே இருக்காது, மல்லி, சோம்பு, சீரகம், வெள்ளை மிளகு. கேலாங் சிராய் மலாய்ச் சந்தையில் இல்லாத மசாலாவா, ஏன் இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் பின்பக்கம் கையைக் காட்டினார். அங்கே அப்பா வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "உன் அப்பா காம்பைக் கிள்ளிவிட்டு அரைக்கிறார், அதனால் நிறம் நன்றாக இருக்கிறது. அதை நான் முதல் நாளே பார்த்தேன்" என்று மலாயில் சொன்னார்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா தினமும் காலை இரண்டு மணி நேரம் இதைச் செய்கிறார். விரல் நுனி எரியும், எண்ணெய் தடவிக்கொள்வார். ஒரு நோட்டீஸில்கூட இதை நாங்கள் எழுதியதில்லை. அது எங்களுக்கு வேலை, விளம்பரமாகத் தோன்றவே இல்லை. அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது: தீபாவளிக்கு வருகிறவர்களைவிட நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வருகிறவர்கள் ஆளுக்கு அதிகமாக வாங்குகிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் மீன் தலைக் கறி மசாலா கேட்டுத் தோ பாயோவிலிருந்தும் பிடோக்கிலிருந்தும் ஆன்ட்டிகள் வருகிறார்கள். நாங்களோ வருடத்தில் ஒரே பண்டிகைக்கு, தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும், விளக்குப் படம் போட்டு அச்சடித்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அனுப்புவது முழுக்க மாறியது. இப்போது வாரத்துக்கு ஒரே ஒரு செய்தி. புதன்கிழமை காலை, அன்றைக்கு என்ன அரைக்கிறோம் என்று. 'இன்று மதியம் மீன் குழம்புத் தூள். மல்லி வறுத்தாச்சு. 4 மணிக்கு ஆறிவிடும், 5 மணிக்கு வந்தால் புதுசாக வாங்கலாம்.' கூட 15 விநாடி வீடியோ. அம்மா மல்லி வறுக்கிறார், அல்லது அப்பா காம்பு கிள்ளுகிறார், அல்லது அரைத்த தூளை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்திருக்கிறோம். ஏன் ஆறவைக்கிறோம் என்றுகூடப் பலர் கேட்டார்கள். மெஷினிலிருந்து வரும்போது தூள் கை வைக்க முடியாத சூடாக இருக்கும், சூட்டோடு பையில் கட்டினால் உள்ளே வியர்த்து ஈரம் பிடிக்கும், கட்டி தட்டும், நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் சீக்கிரம் வாடையும் மாறிவிடும். இதைச் சொன்ன வீடியோவுக்கு வந்த பதில்கள் மாதிரி எந்தத் தள்ளுபடிக்கும் வந்ததில்லை. தள்ளுபடி என்ற வார்த்தையே அந்தச் செய்திகளில் கிடையாது.

எண்ணைச் சேமிக்கச் சொல்வதற்கும் இப்போது காரணம் இருக்கிறது. "அக்கா, இந்த நம்பரைப் போட்டு வச்சிக்குங்க, எந்த நாள் எது அரைக்கிறோம்னு செய்தி வரும், வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்திடுவோம்." ஒப்புக்கொண்டவர் பெயரை நோட்டில் தேதியோடு எழுதி, அவரையே பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போடச் சொல்கிறோம். இது வெறும் மரியாதைக்காக மட்டும் இல்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், விளம்பரம் வேண்டாம் என்கிறவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்து வைக்கும் 'டூ நாட் கால்' பதிவேடு 2014 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது, அழைப்பு, குறுஞ்செய்தி மாதிரியே வாட்ஸ்அப்பில் எண்ணுக்கு அனுப்பும் விளம்பரமும் அதில் அடங்கும். ரசீதில் இருக்கிற எண்ணையெல்லாம் அள்ளிப் போட்டு அனுப்புகிற பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இனி ஒவ்வொரு வசதியாக, எங்கள் கடையில் எது வேலைக்கு ஆனது என்று.

கேட்டலாக் நன்றாக இருக்கிறது. 500 பொருள் வரை படம், விலை, விவரம் போட்டு வைக்கலாம், எங்களுக்கு 40 போதும். போடும்போது கற்றுக்கொண்டது, நம் பெயரில் போடாதீர்கள், வாங்குகிறவர் சொல்கிற பெயரில் போடுங்கள். எங்கள் டப்பாவில் 'ஸ்பெஷல் மசாலா 3' என்று இருந்தது, அப்படி யாரும் கேட்டதே இல்லை. 'இறைச்சிக் கறித் தூள்' என்று மாற்றி, கீழே 'கோழிக்கும் ஆட்டுக்கும்' என்று எழுதினோம். அதே பொருளை மலாய்ப் பெயரிலும் இன்னொரு பதிவாகப் போட்டிருக்கிறோம். படத்தையும் வெளியே கொடுத்து எடுக்கவில்லை, கடை வாசல் வெளிச்சத்தில் வாழை இலைத் துண்டின் மேல் ஒரு கைப்பிடித் தூளை வைத்து எடுத்ததுதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது குயிக் ரிப்ளை. ஒரு சாய்கோடும் ஒரு சொல்லும் தட்டினால் முன்பே எழுதிவைத்த பதில் முழுதாக வந்துவிடும். சாதாரண விஷயம் மாதிரித்தான் தெரியும். ஆனால் மசாலா வாங்குகிறவர் வீட்டுக்குப் போன பிறகுதான் கேள்வி வரும், அதுவும் அடுப்பில் சட்டி இருக்கும்போது. "ஒரு கிலோ மீனுக்கு எத்தனை கரண்டி?" முன்பு இதற்குக் கடை போனை அடிப்பார்கள், மெஷின் ஓடுகிற சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது, வைத்துவிடுவார்கள். இப்போது '/மீன்' என்று தட்டினால் போகிறது: 4 மேசைக்கரண்டி தூள், எலுமிச்சை அளவு புளி, தூளை முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துவிட்டு எண்ணெயில் போடுங்கள், கருகாது. சாம்பாருக்கு ஒன்று, குருமாவுக்கு ஒன்று, எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து கடைக்கு வரும் வழிக்கு ஒன்று. புதிதாகச் சமைக்கப் பழகுகிற பிள்ளைகள், கல்யாணம் ஆகி பொங்கோல், செங்காங் பக்கம் வீடு வாங்கிப் போனவர்கள், அவர்களுக்கு அம்மாவை மூன்றாவது தடவை கேட்கச் சங்கடமாக இருக்கும்போல, எங்களைக் கேட்கிறார்கள். குழம்பு ஆன பிறகு படமும் அனுப்புகிறார்கள். அந்தப் படங்களை அவர்கள் சம்மதித்தால் ஸ்டேட்டஸில் வைப்போம். நான் பார்த்த வரைக்கும் இதைவிட நல்ல விளம்பரம் எங்கள் கடைக்கு இல்லை.

லேபிள் வசதி ஒழுங்குக்கு உதவும். 'எடுத்து வைக்கணும்', 'காசு வரணும்', 'முடிஞ்சது' என்று மூன்று நிறம் வைத்திருக்கிறோம். கடை மூடிய பிறகு தானாகப் போகிற செய்தியும் உண்டு, நேரத்தை வைத்துவிட்டால் போதும். முதல் தடவை எழுதுகிறவருக்குப் போகும் வணக்கச் செய்தியும் உண்டு, 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதினாலும் அது போகும். அதனால் அதில் 'புதிதாக வந்திருக்கிறீர்கள்' என்கிற மாதிரி எழுதாதீர்கள், நெடுநாள் வாடிக்கையாளருக்கும் போய் மனசு நோகும்.

அப்புறம் குரல் செய்தி. இது சாதாரண வாட்ஸ்அப்பிலும் இருக்கிறதுதான், ஆனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தையே மாற்றியது இதுதான். ஞாயிறு தேக்கா எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியிலிருந்து வருகிற தம்பிகள் பத்துப் பேருக்குச் சேர்த்துச் சமைக்கிறவர்கள், வாங்குவது கிலோக் கணக்கில். முன்பு கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு, நேரமாகிறது என்று ரெடிமேட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்கு ஒரு நோட்டீஸும் நாங்கள் கொடுத்ததில்லை, தபால் பெட்டி உள்ளவர்களுக்குத்தானே நோட்டீஸ் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது சனிக்கிழமை இரவு குரல் செய்தி வரும்: "அண்ணே, நாளைக்கு நாலு மணிக்கு வருவோம், கறி மசாலா ரெண்டு கிலோ, காரம் கொஞ்சம் தூக்கலா, எடுத்து வைங்க." பின்னால் லாரிச் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். எழுதச் சொன்னால் பாதிப் பேர் எழுத மாட்டார்கள், பேசச் சொன்னால் அவர்கள் ஊர் மசாலாவில் என்ன இருக்கும் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்கள். அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர் சொன்னதை வைத்து மிளகும் கல்பாசியும் கூட்டி ஒரு கறித் தூள் அரைத்தோம், இப்போது அது வாராவாரம் தீர்ந்துபோகிறது.

குறை என்று பார்த்தால், வேலை அதிகம். இலவசம் என்றேன், நேரம் இலவசம் இல்லை. பதில் சொல்லாமல் போட்டு வைத்தால் போடாமலே இருப்பது மேல். நான் காலையில் அரை மணி, இரவு முக்கால் மணி ஒதுக்குகிறேன். ஒரே எண்ணை முதன்மைப் போனோடு இன்னும் நான்கு சாதனங்களில் இணைக்கலாம் என்பதால் அம்மா டேப்லெட்டில் பார்க்கிறார், அது ஓரளவு பாரத்தைக் குறைத்தது. ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர் உள்ள பெரிய கடைகளுக்கு 256 என்ற அளவு காணாது. அவர்களுக்குக் கட்டண முறையில் வேறு வழி இருக்கிறது, அது எங்களைப் போன்ற கடைக்குத் தேவையில்லை. இன்னொன்று, இந்த ஊரில் இப்போது எல்லாருக்கும் மோசடிப் பயம், நியாயமான பயம். அதனால் நாங்கள் எந்தச் செய்தியிலும் இணைப்பு அனுப்புவதில்லை. பணத்தை முன்கூட்டிக் கேட்பதும் இல்லை, கடைக்கு வந்து பொருளைப் பார்த்துவிட்டுப் பேநவ்வில் (கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் முறை) கட்டட்டும். இதை வணக்கச் செய்தியிலேயே எழுதிவைத்திருக்கிறோம்.

2024 தீபாவளி அக்டோபர் 31ல் வந்தது. அந்த வருடம்தான் முதல் தடவையாக நோட்டீஸ் அடிக்கவில்லை. அப்பாவுக்கு மனசே இல்லை, செப்டம்பர் முழுக்க "ஒரு ஆயிரமாவது அடிப்போம்" என்றுகொண்டே இருந்தார். நான் வற்புறுத்தவில்லை, நோட்டை எடுத்துக் காட்டினேன், யார் யார் எதற்கு வருகிறார்கள் என்று. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படித்தார். அப்புறம் கேட்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் முறுக்கு மாவும் அதிரச மாவும் முன்பதிவுக்கு மட்டும் அரைத்தோம், முன்பெல்லாம் நோட்டீஸை நம்பி அரைத்துக் குவித்துவிட்டுப் பண்டிகை முடிந்ததும் பாதி விலைக்குத் தள்ளுவோம். அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாள் மாவு டப்பா காலியாக இருந்தது. தள்ளுபடி கொடுக்கவில்லை என்று ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "இந்த வருஷம் இல்லையா?" என்று கேட்டவர்கள் உண்டு, "விலை ஒன்றுதான், ஆனா நேத்து அரைச்சது" என்று சொன்னோம், வாங்கிப் போனார்கள்.

எல்லாப் பழையதையும் தூக்கிப் போட்டோம் என்று நினைக்காதீர்கள். தினசரி காலண்டரை விடவில்லை. அதையும் நிறுத்தலாமா என்று நான்தான் யோசித்தேன், செலவு கூடுதல், யார் கிழிக்கிறார்கள் இந்தக் காலத்தில் என்று. இந்தத் தடவை தீர்மானிப்பதற்கு முன் பட்டியலில் உள்ளவர்களைக் கேட்டோம். வந்த பதில்களைப் பார்த்து அம்மா சிரித்தே விட்டார், அவ்வளவு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ராகு காலம் பார்க்க, அமாவாசை பார்க்க, பால் கணக்கு எழுத, இறந்துபோன மாமியார் மாட்டிய ஆணியில் வேறு எதை மாட்டுவது என்று. அதனால் அதே அட்டை, அதே முருகன் படம். வேண்டும் என்று பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் எண்ணி அச்சடித்தோம், அட்டையின் கீழ் ஓரத்தில் வாட்ஸ்அப்புக்கான கியூஆர் ஒன்றைச் சேர்த்தோம்.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு: செயலியைப் போட அரை மணி போதும், வேண்டுமானால் நானே வந்து போட்டுத் தருகிறேன். புதன்கிழமை மதியம் மட்டும் வேண்டாம், மெஷின் ஓடும். வருவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கி, இரண்டு வாரம் உங்கள் கடைக்கு வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பூக்கடை அக்கா எழுத ஆரம்பித்துவிட்டார். நேற்று அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் கல்லாவில் வைத்தார், நனைந்த விரலில் எழுதியதால் மை கொஞ்சம் பரவியிருக்கிறது. முதல் பக்கத்தில் ஏழு பேர், அதில் மூன்று பேர் சாமிக்கு இல்லை, மருத்துவமனையில் இருக்கிறவர்களைப் பார்க்கப் போகும்போது தலையில் வைத்துக்கொள்ள ஒரு முழம் வாங்குகிறவர்கள். "இது எனக்கு இத்தனை வருஷமா தெரியாது தம்பி" என்றார்.